பச்சை எது, சிவப்பு எது?

போன மாதம் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் வாசலுக்கே ஓடி வரும் பேரன் மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எட்டாவது படிக்கிறான். நண்பர்கள் நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்று. அதில் இவனை இனிமேல் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏன்டா, என்ன தப்பு பண்ணே?"

"எங்க டீம் ஆளையே சுட்டுடறேன் தாத்தா. நம்ம ஆளு தலைக்கு மேல பச்சை, எதிரிக்கு சிவப்பு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. கண்ணு தெரியாதவன்னு கிண்டல் பண்றானுங்க."

"நல்லதாப் போச்சு. இனியாவது புத்தகத்தை எடுப்பான்" என்று சமையலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பச்சையும் சிவப்பும் எனக்கும் தெரியாது. அவனுக்கு இதைக் கொடுத்ததே நான்தான்.

இளம் வயதில் ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டங்கள் உள்ள ஒரு புத்தகத்தை டாக்டர் காட்டினார். இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1917-ல் வெளியிட்ட சோதனை அது. மற்றவர்கள் 74 என்று படித்த பக்கத்தை நான் 21 என்று படித்தேன். வேலை போயிற்று. பிறகு வேறு துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இந்தக் குறை தாய்வழியாக வருவது. அப்பனுக்கு இருந்தால் மகள் அதைத் தாங்கிக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய ஆண் பிள்ளைகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீடு, நிலம் என்று பெரிதாக எதுவும் எழுதி வைக்காத தாத்தா பேரனுக்கு விட்டுப்போகும் சொத்து இது!

ரயில்வே என்னை எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை. 1875-ல் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியருக்கு நிறம் தெரியாமல் போனது காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற அறிஞர் கருதினார். அதன் பிறகுதான் ரயில் ஊழியர்களுக்கு நிறப் பரிசோதனை பரவியது. நூற்றுக்கணக்கான உயிர்கள் பயணம் செய்யும் இடத்தில் அந்தக் கண்டிப்பு சரிதான்.

ஆனால் அதே ரயில்வேதான் எனக்கு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. மீட்டர் கேஜ் காலத்துக் கைகாட்டி மரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்க வேண்டும். கை இறங்கிவிட்டால் போகலாம். இரவில் அதற்கே சிவப்பு, பச்சை விளக்கு. பகலில் அதைப் பார்த்து "வண்டி வருது" என்று சொல்ல எனக்கு நிறமே தேவைப்படவில்லை. கை இருக்கும் நிலையே போதும். சாலை சிக்னலிலும் அப்படித்தான், சிவப்பு மேலே, பச்சை கீழே. இடத்தை வைத்தே இத்தனை வருஷம் ஸ்கூட்டர் ஓட்டிவிட்டேன்.

ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் சொல்லாதே, வடிவத்தாலும் சொல். விளையாட்டு செய்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

சிலர் இதைச் செய்தும் இருக்கிறார்கள். 'அமங் அஸ்' என்று ஒரு விளையாட்டு. 2018-ல் வந்து, கொரோனா ஊரடங்கு சமயத்தில் 2020-ல் உலகம் முழுவதும் பிள்ளைகள் ஆடினார்கள். ஆளுக்கு ஒரு நிறம். கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலைகாரனைக் கூடிப் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். "பச்சைதான் செய்தான், நான் பார்த்தேன்" என்று ஒருவன் சொல்வான். எது பச்சை என்றே தெரியாதவன் அந்தப் பஞ்சாயத்தில் என்ன பேசுவான்? பின்னால் அதில் நிறத்தின் பெயரையும் எழுத்தில் காட்டும் வசதி கொண்டு வந்தார்கள். ஒரே நிற ஒயர்களை இணைக்கும் வேலையில் ஒயருக்கு ஒரு குறியும் சேர்த்தார்கள். 'ஃபோர்ட்நைட்'டில் காது கேளாதவர்களுக்காக, காலடிச் சத்தமும் வெடிச் சத்தமும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத் திரையிலேயே காட்டுகிறார்கள்.

"தனியாக ஆடும்போது எந்த வசதியும் வைத்துக்கொள்ளட்டும். எதிராளியோடு போட்டி போடும்போது ஒருவருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் நியாயமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். பார்வையற்றவர்கள் ஆடும் சதுரங்கத்தைப் பாருங்கள். அவர்களுடைய பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். காய்கள் நழுவாமலிருக்கத் துளையில் செருகி வைப்பார்கள். நகர்த்தியதை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்வை உள்ளவரோடு ஆடும்போதும் இதுதான் விதி. ஸ்னூக்கரில் நிறம் பிரித்தறிய முடியாத ஆட்டக்காரர் கேட்டால் பந்தின் நிறத்தை நடுவர் சொல்வார். யாரும் அதை ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை. எங்கே பந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் குழியில் தள்ளுவது அவரவர் திறமை.

'வேலரன்ட்' என்ற விளையாட்டில் எதிரியைச் சிவப்புக்குப் பதிலாக மஞ்சளிலோ ஊதாவிலோ காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். கண் நன்றாகத் தெரிகிறவர்களே பலர் மஞ்சளைத்தான் வைத்துக்கொள்கிறார்களாம், பளிச்சென்று தெரிகிறதே! எல்லோருக்கும் திறந்திருக்கும் வசதியில் அநியாயம் எங்கே வந்தது?

தனியாக ஆடும் விளையாட்டில் தோற்றால் ஆட்டம்தான் போகும். கூடி ஆடும் விளையாட்டில் கூட்டாளிகளே போய்விடுவார்கள். நாம் தெருவில் கோலி, கில்லி ஆடிச் சேர்த்த சிநேகத்தை இந்தப் பிள்ளைகள் அந்தத் திரையில்தான் சேர்க்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். சேர்க்கிறார்கள் என்பது உண்மை.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் நிறக்குருடு இல்லை. ஆனாலும் காலம் மாறுகிறது. லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நிறக்குருடு உள்ளவர்களைப் புனே திரைப்படக் கல்லூரியின் எந்தப் படிப்பிலிருந்தும் விலக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிக்கிறது. ஊக்குவிப்பது சரி. அந்தப் போட்டிகளில் இந்த வசதிகளும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் அரசுக்கு என்ன நஷ்டம்?

அன்று சாயங்காலம் பேரனும் நானும் சேர்ந்து அந்த விளையாட்டின் செட்டிங்ஸைத் துழாவினோம். உள்ளே உள்ளே போனால் நாலாவது பக்கத்தில் அந்த வசதி ஒளிந்திருந்தது. தட்டினான். பச்சை, நீலமாக மாறியது. "தாத்தா, தெரியுது!" என்று கத்தினான். எனக்கும் தெரிந்தது. ராத்திரி நண்பன் ஒருவனுக்குப் போன் போட்டுக் கெஞ்சி, ஒரு ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள வைத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனால் சொந்த ஆளைச் சுட்டதால் தோற்கவில்லை.

உங்கள் வீட்டில் பேரப் பிள்ளைகள் இருந்தால் ஒரு முறை கண் டாக்டரிடம் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் தேசப்படத்துக்கு வண்ணம் தப்பாகத் தீட்டியதற்கு அடி வாங்கியவன் நான். அதற்குக் காரணம் தெரிய எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆயிற்று. அவர்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.