ஒரே வாசல், ஒரே மீட்டர்

1880-களில் ஹார்வி சகோதரர்கள் மில் தொடங்கிய காலந்தொட்டு, வேலைக்கு வந்தவர்கள் தங்க அறை தேடிய ஊர் விக்கிரமசிங்கபுரம். வீட்டுக்காரர் முன்கட்டில், குடியிருப்பவர் பின்கட்டில். வாசலும் ஒன்று, மீட்டரும் ஒன்று. "நம்ம பையன்தானே, எழுத்தெல்லாம் எதுக்குவே?" என்று தொடங்கும் உறவு, சின்ன மனத்தாங்கலில் மோட்டார் சுவிட்சை அணைப்பதில் போய் நிற்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் கட்டடத்தின் ஒரு பகுதிக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. அறைக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தான் குடியிருக்கும் வீடுதானே என்று வீட்டுக்காரர் இதிலிருந்து நழுவ முடியாது. கூடவே, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, வாசல்கதவு எத்தனை மணிக்குப் பூட்டு, ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்கலாமா என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். வாய்ப்பேச்சை மட்டும் நம்பிக் குடிபோனால், சண்டை வரும் நாளில் வீட்டுக்காரர் சொன்னதுதான் சட்டம். கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், தம்பி.