அளவுகோல் யார் கையில்?

ஏற்காடு ஏரியில் கோடைவிழாப் படகுப் போட்டி நடக்கையில் விதிப்பூசலுக்கு இடமில்லை. எல்லோருக்கும் படகு இல்லத்துப் படகுகள்தாம். படகு அவரவருடையதாகும்போதே சிக்கல் தொடங்குகிறது.

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரிப் பாய்ப்படகுகளில் 1988இல் உருவான 'ஒரு மீட்டர்' பிரிவைப் பாருங்கள். நீளம் ஒரு மீட்டருக்குள். எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. உடலிலும் பாய்மரத்திலும் கார்பன் இழை கூடாது. வீட்டு மேசையில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டிக் கட்டுபவனுக்கும் இடம் வேண்டுமல்லவா? நீரினடியில் நிற்கும் தகட்டுக்கும் சுக்கானுக்கும் மட்டும் அத்தடை இல்லாதது எனக்கு உறுத்தல்தான்.

விதிமாற்றத்துக்கு வாக்களிப்பவை படகு உடையோரின் தேசியச் சங்கங்கள். தன் படகு செல்லாக்காசாவதை எவர் விரும்புவார்? அந்த மந்தத்தைக் குறைசொல்கிறார்கள். நான் அதன் பக்கமே. ஆனால் இன்னும் படகு கட்டாதவனுக்கு அங்கே வாக்கில்லை. அவனை விதி எழுதுவோர் கேட்டாக வேண்டும்.