ஏட்டுச் சுரைக்காயும் எஞ்சின் நீரும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது முன்னோர் வாக்கு. தன்வெப்ப ஏற்புத்திறன், கொதிநிலை, அழுத்தம் என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெறும் நாம், வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குக் கூலன்ட் மாற்ற வேண்டுமென்றால் கைகட்டி நிற்கிறோம். இது முறையா என்பதே என் கேள்வி.

பழைய வெஸ்பா, பஜாஜ் சேத்தக் வண்டிகளை விசிறிக் காற்றே குளிர்வித்தது. இன்றும் பெரும்பாலான ஸ்கூட்டர்கள் காற்றால் குளிர்பவையே. ஆனால் 2021-இல் நம் நாட்டில் அறிமுகமான யமஹா ஏராக்ஸ் 155 போன்றவற்றில் டிராக்டரைப் போலவே ரேடியேட்டர் உண்டு. அதில் ஓடும் கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் தூய நீரும் துருத்தடுப்பு மருந்தும் சேர்ந்த கலவை.

வெறும் தண்ணீர் போதாதா? வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணையில்லைதான். ஆனால் அது 100 டிகிரியில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலவையோ சுமார் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் உயர்த்துகிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமே இது! மேலும், பேரையூரில் எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அதே சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் என்னாகும்?

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதன்று. எஞ்சின் முழுவதும் ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வடிகால் போல்ட்டைக் கழற்றிப் பழையதைத் தட்டில் பிடித்து, புதிய வாஷருடன் முடுக்கி, வண்டிக் கையேடு சொல்லும் வகையை ஊற்ற வேண்டும். சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். குறைந்த அளவை நிரப்பி மூடிவிடலாம். ஒரு லிட்டர் கூடத் தேவைப்படாது. நிறத்தைப் பார்த்து வாங்குவது தவறு. நிறம் வெறும் சாயமே.

பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டுவது பெரும் பிழை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. ஆடும் நாயும் நக்கினால் சிறுநீரகம் கெட்டு மாயும். குழந்தைகளுக்கும் அதே கதிதான். இதன் உறவான டைஎத்திலீன் கிளைக்கால், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் கலந்திருந்து, 2025-இல் மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளின் உயிரைக் குடித்ததை நாம் மறக்கலாமா? பழையதைக் குடிநீர்ப் பாட்டிலில் வைக்காமல், பெயரெழுதிய கேனில் மூடிப் பணிமனையில் ஒப்படைப்பதே அறிவுடைமை.

மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுவதா என்று சிலர் கேட்கலாம். எஞ்சினைப் பிரிப்பதும் பிரேக்கைச் சீர்செய்வதும் அவர் கைத்திறன். அதை நாம் பறிக்க முடியாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை நிறுவனப் பணிமனைக்கே கொண்டு செல்லலாம். நான் எதிர்ப்பது வேறொன்றை: 'படித்தவன் கையில் கிரீஸ் படலாமா?' என்னும் மனப்பான்மையை.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை டிராக்டர் ஓட்டுபவர். ரேடியேட்டரில் என்ன ஊற்றலாம், எப்போது திறக்கலாகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஏன் என்பதை அவருக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. எனக்கு ஏன் என்பது தெரியும். ஸ்பேனர் பிடிக்கத்தான் யாரும் விடவில்லை. "நீ படிக்கிற பிள்ளை, தள்ளி நில்லுப்பா" என்பார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் கையையும் அறிவையும் பிரித்து வைக்கும் பட்டம் யாருக்குப் பயன்படும்?

ஆகவே பேராசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். வெப்பவியல் ஆய்வகத்தில் ஒரே ஒரு வகுப்பில் ஒரு ரேடியேட்டரை மேசைமேல் வையுங்கள். நண்பர்களே, அன்று நாம் கற்பதை வீட்டுக்குக் கொண்டு செல்வோம். தந்தையின் கையும் நம் ஏடும் ஒரே வண்டியின் முன் சேர்ந்து அமரட்டும். அப்போதுதான் ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்!