இரண்டு விரற்கடை

என் பத்மினி காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் வாரம் இது. 1996 மாடல். முதல் பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். போன தடவை, 2021இல், புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய கார் என்றால் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவரும் பத்தாயிரம், கரும்புகை கக்க விட்டு ஓட்டுபவரும் பத்தாயிரம். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. வண்டியைக் காட்டப் போனபோது, சோதித்தவர் விளக்குகளைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தார். ஸ்டீரிங்கில் கை வைக்கவே இல்லை. 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி ஸ்டீரிங்குக்கென்றே இருக்கிறது. ஸ்டீரிங் சக்கரத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. இணைப்புகளில் உள்ள பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். ரப்பர் மூடியைச் சட்டத்தில் எழுதி வைத்த அந்த முகம் தெரியாத மனிதருக்கு என் வணக்கம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் அவர். ஆனால் 30 டிகிரி? நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் வரும். கிட்டத்தட்ட அரைச் சாண்! அவ்வளவு ஆட்டத்தோடு பேருந்து எதிரே வரும் சாலையில் ஒரு காரை ஓட்டலாமா? என் வண்டியைப் பார்க்கும் மேஸ்திரியின் கணக்கு இரண்டு விரற்கடை. அதற்கு மேல் போனால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்.

மேஸ்திரியின் பட்டறை பாலக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை. இரண்டு மாதம் முன்பு அவர் ஊரில் இல்லாத நேரத்தில், புதுக்கோட்டை சாலையில் வண்டி அலைய ஆரம்பித்தது. நேராகப் பிடித்திருக்கிறேன், அது இடப்பக்கம் போகிறது; திருப்பினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடப்பதில்லை, பிறகு ஒரேயடியாக வலப்பக்கம் வருகிறது. அவசரத்துக்கு வேறொரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் தந்துவிட்டார்கள். ‘ஆட்டம் போச்சு சார்’ என்றார்கள். போயிருந்தது. ஆனால் முதல் திருப்பத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி முடித்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது.

இதைப் பற்றி எனக்கு வெகுநாளாகக் கோபம் உண்டு, இந்த வாரம் சொல்லியே ஆக வேண்டும். பத்மினியில் இருப்பது ஸ்டீரிங் பாக்ஸ். அம்பாசடரிலும் மாருதி 800லும் ரேக். அந்தக் கதை வேறு. பாக்ஸுக்குள் புரி வெட்டிய ஒரு தண்டு, அதன் புரியில் உருளும் ஒரு ரோலர். இரண்டையும் நெருக்கி வைக்க பாக்ஸின் தலையில் ஒரு ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு லாக் நட். எந்தக் காரும் ஓடுவது பெரும்பாலும் நேராகத்தான். அதனால் புரி தேய்வதும் நடுப்பகுதியில்தான். இரண்டு ஓரமும் புதுசு மாதிரியே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் மொத்தமும் போகிற வரை ஸ்க்ரூவை முறுக்கினால், ஓரத்துக்குப் போகும்போது ரோலர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரத்தைத் தாங்கும் கிங் பின் சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் வண்டி தானாக நேராகிறது. இறுகிய பாக்ஸ் அதைத் தடுத்துவிடும். இதைவிடக் கொடுமை, ஆட்டம் பாக்ஸில் இல்லாமல் வேறெங்கோ இருந்து, அதை மறைக்க பாக்ஸை முறுக்குவது. காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை கொடுத்து அமுக்குகிற வேலை அது. கையில் ஆட்டம் தெரியாது. கழல வேண்டியது கீழே கழன்றுகொண்டே இருக்கும். எத்தனை பேர் பணம் கொடுத்து இதைச் செய்துகொண்டு நிம்மதியாகப் போகிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மேஸ்திரி ஊரிலிருந்து வந்ததும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால் டயரில் காற்றைத்தான் பார்த்தார். முன்டயரில் காற்று குறைந்தாலே வண்டி அலையும். அதைப் பார்க்காமல் ஸ்டீரிங்கின் மேல் பழி போடக் கூடாது என்பது அவர் சட்டம். காற்று சரி. அடுத்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவினார், பிறகு வெளியிலிருந்து உள்ளே. என் கையையும் பிடித்து வைத்தார். ஒரு திசையில் வழுவழுவென்று போகிறது; எதிர்த் திசையில் மீன் செதில் மாதிரி சுணை பிடிக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத டயர். சக்கரம் நேராக உருளாமல் சாய்ந்து இழுபட்டிருக்கிறது என்று அந்தச் சுணை சொல்கிறது.

பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, முறுக்கியிருந்த ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் திரும்பி வந்தது. ‘இப்பத்தான் வண்டி உண்மை பேசுது சார்’ என்றார். கொட்டகைப் பையனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ரிம்மில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டயர் அசையத் தொடங்கும் வரை ரிம் எவ்வளவு போகிறது என்று பார்த்தால், நான்கு விரற்கடை.

நான் ஜாக்கியை எடுத்து வந்தேன். வேண்டாம் என்றார். இது எனக்குப் புதுப் பாடம். சக்கரம் தரையில், பாரத்தோடு இருக்க வேண்டும். தூக்கிவிட்டால் சக்கரம் தடையில்லாமல் கூடவே திரும்பிவிடும், மூட்டில் உள்ள ஆட்டம் வெளியே தெரியாது. பையன் ஸ்டீரிங்கை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க, மேஸ்திரி சாக்கை விரித்து அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன்.

அவருடைய வலக்கை ஒவ்வொரு மூட்டாகப் போனது. கட்டைவிரல் ஒரு பாகத்தில், சுட்டுவிரல் அதோடு சேர்ந்த அடுத்த பாகத்தில். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்லது. ஒன்று முதலில் அசைந்து மற்றது பின்தொடர்ந்தால் அங்கேதான் கோளாறு. மேலே தண்டில் தொடங்கினார். தண்டையும் பாக்ஸையும் பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தொட்டார். பாக்ஸே அசைகிறதா என்று பார்க்காமல் உள்ளே உள்ள புரியைக் குற்றம் சொல்ல முடியாது. பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம். கெட்டி. நடு ராடு. கெட்டி. கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். இடப்பக்கம் ஐட்லர் ஆர்ம்மில் விரல் வைத்ததும் நிறுத்தினார். ‘தம்பி, மெதுவா.’ பையன் மெதுவாக ஆட்டினான். ‘கை வைங்க சார்.’

வைத்தேன். ஆர்ம் பக்கவாட்டில் திரும்புவதற்கு முன்னால் ஒரு நூல் அளவு மேலே எழும்பி இறங்கியது. ‘டக்’ என்று விரல் நுனியில் ஒரு சின்னத் தட்டு. காதுக்கு எட்டாத சத்தம். புஷ் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டது. இரண்டு மாதமாக என்னைச் சாலையில் அலைக்கழித்தது இந்த ஒரு நூல் ஆட்டம். முறுக்கப்பட்ட பாக்ஸ் இதன் பக்கத்திலேயே வரவில்லை.

அவர் அதோடு எழுந்திருக்கவில்லை. ஒரு குற்றவாளி கிடைத்ததும் தேடலை நிறுத்துகிறவர் இல்லை. இடப்பக்க டை ராடு எண்டில் ரப்பர் மூடி கிழிந்து தொங்கியது. சட்டம் சொல்லும் அதே மூடி. மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் கிரீஸ் கருமணலாகியிருந்தது. விரலுக்கு ஆட்டம் லேசாகத்தான் தெரிந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்றார்.

அதற்குப் பிறகுதான் ஜாக்கி. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். ஆடியது. கிங் பின்னா, வீல் பேரிங்கா? பையனை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மறுபடி உலுக்கினார். ஆட்டம் காணோம். இதை நான் ரசித்து ரசித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: பிரேக் பிடித்ததும் டிரம்மும் பின்தட்டும் ஒன்றாகிவிடுகின்றன, பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடுகிறது. மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். மிதித்ததும் நின்றால் பேரிங். ஒரு கருவியும் இல்லாமல், ஒரு கால் மிதியில் இரண்டு நோயைப் பிரித்துவிட்டார். பேரிங் நட்டை இறுக்கி, புது ஸ்பிலிட் பின் போட்டார். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதை அவர் கொட்டகையில் யாரும் செய்ய முடியாது.

பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. ஐட்லர் புஷ்ஷும் எண்டும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வர நான்கு நாள். அதுவரை வண்டி கொட்டகையிலேயே நின்றது. வந்த அன்று போய் உட்கார்ந்துகொண்டேன். கூம்பு வடிவத்தில் இறுகிய எண்டைக் கழற்ற, புரியின் தலையில் அடிக்கக் கூடாது. அது மாட்டியிருக்கும், கண் போன்ற வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றால் அடிக்க வேண்டும். இரண்டாவது அடியில் ‘பொத்’தென்று விழுந்தது. ராடிலிருந்து பழைய எண்டைச் சுழற்றி எடுக்கும்போது பையன் சத்தமாக எண்ணி, தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதினான்: 18. புதியதையும் அதே பதினெட்டுச் சுற்று ஏற்றினான். அலைன்மென்ட் போடும் இடம் வரை வண்டி நேராகப் போக வேண்டுமே.

அலைன்மென்ட் முடித்து, பாக்ஸ் ஸ்க்ரூவை மேஸ்திரி கடைசியாக ஒரு கால் சுற்று மட்டும் தொட்டார். இரண்டு ஓரம் வரை திருப்பிப் பார்த்தார், எங்கும் இறுகவில்லை. ரிம்மில் கோடு போட்டு விரலை வைத்தார். ஒன்றரை விரற்கடை. சாவியைக் கொடுத்தார். பாலக்கரையிலிருந்து பிரதான சாலையில் ஏறும் திருப்பத்தில் கையைத் தளர்த்தினேன். ஸ்டீரிங் என் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு, தானாக நேருக்கு வந்து நின்றது.