கொரெனாட்சி எந்த நூற்றாண்டுக்காரராவும் இருக்கட்டுமே!

உங்க ரெக்கார்ட் நோட்டில் தேதி தப்பு என்பதற்காக, உள்ளே இருக்கும் எக்ஸ்பெரிமென்ட்டே பொய்னு ஒருத்தர் சொன்னா ஒத்துப்பீங்களா? ஆர்மீனிய வரலாற்றின் தந்தை எனப்படும் மோவ்செஸ் கொரெனாட்சிக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

அவர் தன்னைப் பற்றிச் சொல்வது இது. 5ஆம் நூற்றாண்டுக்காரர். ஆர்மீனிய எழுத்துகளை உருவாக்கிய மெஸ்ரோப் மாஷ்டோட்ஸின் மாணவர். குருக்கள் மேற்படிப்புக்காக அலெக்சாண்ட்ரியாவுக்கு அனுப்பி வைக்கிறார்கள். படிச்சு முடிச்சு ஊர் திரும்பினா, மெஸ்ரோப்பும் இல்லை, இன்னொரு குருவான சாஹாக்கும் இல்லை. 'ஆர்மீனியர் வரலாறு' நூலின் முடிவில் அந்தப் புலம்பல் அப்படியே இருக்கு.

19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆய்வாளர்கள் இதையெல்லாம் நோண்ட ஆரம்பிச்சாங்க. 5ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய விஷயங்கள் நூலுக்குள்ளே எட்டிப் பார்க்குதுன்னு காட்டினாங்க. 1978-ல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ராபர்ட் தாம்சன், இது 8ஆம் நூற்றாண்டு நூல் என்றே வாதிட்டார். ஆர்மீனியாவில் பலர் இதை ஏற்கவில்லை. சண்டை இன்னும் ஓயல.

தேதியைச் சரிபார்ப்பது தப்பே இல்லை, கண்டிப்பா பார்க்கணும். ஆனா "அப்போ அவர் சொன்னது மொத்தமும் குப்பை" என்று தாவுவதைத்தான் என்னால் ஏற்க முடியல. வாஹாக்ன் என்ற பழைய தெய்வத்தின் பிறப்பைப் பாடும் ஒரு பாட்டு. கிறிஸ்தவம் வருவதற்கு முந்தையது. மக்கள் பாடுவதைத் தன் காதாலேயே கேட்டதாகச் சொல்லி அதை எழுதி வைத்தவர் கொரெனாட்சி, அதுவும் கிறிஸ்தவரா இருந்துகிட்டே! அவர் எழுதலைன்னா அந்தப் பாட்டு இன்னிக்கு நமக்குக் கிடைச்சிருக்காது. அவர் 5-ஆ 8-ஆ என்பதால் அந்தப் பாட்டுக்கு என்ன குறை வந்துடும்?

சொந்த அரசு இல்லாத காலத்திலும் ஆர்மீனியர்கள் இந்த நூலைக் கைவிடலை. 1695-ல் முதன்முதலா அச்சானது ஆர்மீனியாவில்கூட இல்லை, ஆம்ஸ்டர்டாமில். (உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-ல் அச்சானது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸில். அது தனிக் கதை.) இன்னிக்கு யெரெவானில் மாதெனாதரான் சுவடி நூலகத்தின் வாசலில் கொரெனாட்சி சிலையா நிற்கிறார்.

அந்தக் கடைசிப் புலம்பலில் அவர் யாரையும் விட்டு வைக்கலை. ஆசிரியர்களுக்குத் திட்டு, அதிகாரிகளுக்குத் திட்டு. மாணவர்களா? கத்துக்கச் சோம்பேறித்தனம், அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க மட்டும் அவசரம் என்று ஒரு பிடி பிடிக்கிறார். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் எனக்கும் தேதி சந்தேகம் உண்டு. போன செமஸ்டர் நம்ம ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதின மாதிரியே இருக்கு.