கதவு எத்தனை நாள் தாங்கும்?

இணையத்தில் கடை திறப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் கடைக்கும் சுவர் உண்டு, கதவு உண்டு. கதவு உளுத்துப்போனால் திருடன் நுழைவான். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கணக்கு எல்லாம் பறிபோகும்!

இந்தச் சுவரையும் கதவையும் கட்ட உதவும் மொழிகளில் ஒன்று பி.எச்.பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர் 1994-ல் தம் சொந்தப் பக்கத்துக்காக இதை உருவாக்கினார். 1995-ல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் செங்கல் அறுத்தா வீடு கட்டுவது? நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் ஆயத்தமாகக் கிடைத்தால் வேலை சுலபம். அப்படி ஆயத்தமாகக் கிடைப்பதுதான் "பிரேம்வொர்க்".

மூன்று பெயர்கள்

பி.எச்.பி.யில் பல பிரேம்வொர்க்குகள் உண்டு. அவற்றில் மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன.

சிம்பொனி: பிரான்சில் பிறந்தது. 2005-ல் வெளிவந்தது. உறுதியானது, பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

கோடுஇக்னைட்டர்: 2006-ல் வந்தது. சிறியது, எளியது. புதிதாகக் கற்பவருக்கு நல்லது.

லாராவெல்: அமெரிக்கரான டெய்லர் ஆட்வெல் 2011-ல் கொண்டுவந்தார். இன்று அதிகப் புகழ் இதற்குத்தான். இதற்குள்ளேயே சிம்பொனியின் பாகங்கள் பல இருக்கின்றன!

மூன்றும் இலவசம். பின் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆயுளே முக்கியம்

புகழைப் பார்த்து எடுப்பது தவறு. ஆயுளைப் பார்க்க வேண்டும்.

திருடர்கள் புதுப்புது ஓட்டைகளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். லாராவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் இந்தத் திருத்தம் 2 ஆண்டுகள் கிடைக்கும். சிம்பொனியில் 2 ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட ஆயுள் பதிப்பு வருகிறது. அதற்கு 4 ஆண்டுகள் கிடைக்கும்.

கோடுஇக்னைட்டரின் கதை ஒரு பாடம். அதை உருவாக்கிய நிறுவனம் 2013-ல் கைவிட முன்வந்தது. 2014-ல் கனடா நாட்டுக் கல்லூரி ஒன்று ஏற்று நடத்தியது. 2020-ல் நான்காம் பதிப்பு வந்தது. அது முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. பழைய பதிப்பில் கட்டியவர்கள் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

வேலையை ஒப்படைக்கும் முன் கடைக்காரர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். "இந்தப் பதிப்புக்குத் திருத்தம் எந்த ஆண்டுவரை வரும்? அதன்பின் புதுப்பிப்பது யார்? அதற்குச் செலவு என்ன?"

கட்டியவர் நாளை வேறு ஊருக்குப் போய்விடலாம். அடுத்து வருபவருக்கு அந்த வேலை புரிய வேண்டும். ஆகவே, பக்கத்தில் ஆள் கிடைக்கும் பிரேம்வொர்க்கே நல்லது.

சிறு கடைக்குப் பெரிய கோட்டை வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். ஆனால் கடை சிறியது என்பதற்காகக் கதவைக் கவனிக்காமல் விடக்கூடாது. வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால், எந்தப் பிரேம்வொர்க்காலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது!