கலைஞன் பெயரும் கைகளின் பெயரும்

உழைப்பவனின் பெயர் அவன் ஆக்கிய பொருளோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை என்பது நம் சங்கங்களின் அங்கத்தினர்களுக்குப் புதிய செய்தியன்று. விளைவித்தவனின் பெயர் களத்து மேட்டோடு நின்றுவிடுகிறது. மூட்டையின்மீது ஆலையின் பெயரே பதிகிறது. நெய்தவனின் பெயர் தறிக்குழியோடு நின்றுவிடுகிறது. சேலைப் பெட்டியின்மீது கடையின் பெயரே துலங்குகிறது. இந்தப் பழைய வழக்கு, நாம் எதிர்பாராத ஓரிடத்திலும் இன்று எழுந்திருக்கிறது. களிமண்ணையும் கண்ணாடியையும் கொண்டு சிற்பம் படைக்கும் தற்காலக் கலைஞர்களின் உலகமே அது. அங்கே நடப்பதை நாம் அறிந்துகொள்ள விரும்புவது பொழுதுபோக்குக்காக அன்று. நம் நிலையை நாமே தெளிவாகக் காண்பதற்காகவே.

முதலில் களிமண்ணை எடுத்துக்கொள்வோம். லண்டன் நகரில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் பெரிய மண்டபத்தில், சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ‘சூரியகாந்தி விதைகள்’ என்ற படைப்பை வைத்தார். தரை முழுதும் பரப்பப்பட்டவை விதைகள் போலத் தோன்றினவே தவிர, விதைகள் அல்ல. பீங்கானால் செய்து, சூளையில் சுட்டு, ஒவ்வொன்றாகத் தூரிகையால் கோடிட்ட பத்துக் கோடி உருக்கள். நூற்றாண்டுகளாகச் சீன அரண்மனைகளுக்குப் பீங்கான் செய்து கொடுத்த ஜிங்டெசென் நகரில், ஏறத்தாழ 1,600 கைவினைஞர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து இவற்றை ஆக்கினார்கள். கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக ஒருவர் பங்குக்கு 62,500 விதைகள்.

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்விதைகளில் 100 கிலோ எடையுள்ள ஒரு குவியல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் 3,49,250 பவுனுக்கு விலைபோயிற்று. அக்குவியலில் ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகள் இருந்தன. விதை ஒன்றுக்கு மூன்றரைப் பவுன் என்று ஆகிறது. அந்த ஏலத்தைப் பற்றிய செய்தியில் உலகம் அறிந்த பெயர் ஒன்றே. கோடிட்ட கைகள் எண்ணாக நின்றன, பெயராக நிற்கவில்லை.

நியாயத்தை நியாயமாகவே பேசவேண்டும். அப்படைப்பின் கருத்து அந்தக் கலைஞருடையது. ஒன்றுபோல் தோன்றும் கோடிக்கணக்கான மனிதருள் ஒவ்வொருவரும் தனித்தன்மை உடையவர் என்பதை, ஒரு விதையைக் காட்டி உணர்த்தியது அவர் திறமை. ஜிங்டெசென் மக்கள் வேலை செய்யும் காட்சிகளை அவர் மறைக்கவுமில்லை. படமாக எடுத்து மண்டபத்தருகே காட்டச் செய்தார். ஆகவே அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் எண்ணமன்று. கருத்துக்கு உரிய மதிப்பைக் கருத்துப் பெறட்டும். கைக்கு உரிய மதிப்பைக் கையும் பெறவேண்டும் என்பதே நம் கட்சி.

இங்கே மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பார்வையாளர்கள் விதைகளின்மீது நடக்கலாம் என்றே முதலில் இருந்தது. திறந்த சில நாட்களுக்குள், மிதிபட்டு எழும் பீங்கான் தூசு நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று கண்டு, கலைக்கூடத்தார் அதனைத் தடுத்துவிட்டனர். தக்க முடிவுதான். ஆனால் ஒரு மணி நேரம் வந்துபோகும் பார்வையாளருக்கு ஆகாத தூசு, ஆயுள் முழுதும் பட்டறையில் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் எவ்வாறு ஆகும்? பஞ்சுத் தூசு அறிந்த நம் மக்களுக்கு இக்கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

இதே களிமண்ணில் வேறு வழியும் உண்டு என்பதை இங்கிலாந்தின் ஆன்டனி கோர்ம்லி காட்டியிருக்கிறார். 1993ஆம் ஆண்டு செயின்ட் ஹெலன்ஸ் என்னும் தொழில் நகரில், அவ்வூர்க் குடும்பத்தாரைக் கூட்டிச் செங்கல் மண்ணைக் கொடுத்தார். கைக்கு அடங்கிய அளவில் ஓர் உரு. அது தானே நிற்கவேண்டும். இரண்டு கண்கள் இருக்கவேண்டும். மற்றவை உங்கள் விருப்பம் என்றார். ஏறத்தாழ 40,000 உருக்கள் எழுந்தன. பின்னர் 2003ஆம் ஆண்டு சீனாவில் குவாங்ஜோவை அடுத்த ஒரு கிராமத்தில், எல்லா வயதினருமாக 350 பேர் சேர்ந்து, இரண்டு லட்சத்தை ஒட்டிய உருக்களைச் செய்தார்கள். இம்முறை செய்தவர்களின் நிழற்படங்களும் எடுக்கப்பட்டு, செய்த உருவோடு செய்தவரும் தெரியும்படி மக்கள் முன் வைக்கப்பட்டன. பெரும் புகழ் கலைஞருக்கே போய்ச் சேர்ந்தது என்பது உண்மைதான். எனினும் செய்தவரின் முகம் படைப்போடு சேர்ந்து வந்தது. இது சிறிய செயல். ஆனால் நேரான திசையில் வைத்த அடி.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். உலையிலிருந்து குழலின் நுனியில் எடுத்த கண்ணாடிக் குழம்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒருவர் ஊத, ஒருவர் உருட்ட, ஒருவர் மீண்டும் சூடேற்ற, ஒருவர் கதவு திறக்க என்று பலர் ஒரே மூச்சில் இயங்கவேண்டும். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொலீடோ நகரின் கலைக்கூடத்தில், ஹார்வி லிட்டில்டன் என்பவர் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். ஆலையின் துணையின்றி, கலைஞன் தன் சிறு உலையில் தானே கண்ணாடி ஊதலாம் என்று நிலைநாட்டுவது அவர் நோக்கம். இன்றைய கண்ணாடிக் கலை இயக்கத்தின் தொடக்கம் என்று அதனையே சொல்லுகிறார்கள். ஆயினும் குழலைப் பிடித்து ஊதும் முறையை அங்கே செய்துகாட்டியவர், அந்நகரின் கண்ணாடி ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்ற தொழிலாளி! தனித்து நிற்கப் புறப்பட்ட கலையும் முதல் அடியை ஒரு தொழிலாளியின் கையைப் பிடித்தே வைத்தது.

அந்த இயக்கத்தில் பெரும்புகழ் பெற்றவர் டேல் சிகூலி. 1976ஆம் ஆண்டு ஒரு கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தார். 1979இல் தோளிலும் காயம் பட்டபின் குழலைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் அவர் வரைந்தும் சொல்லியும் காட்ட, தேர்ந்த குழுவினர் ஊதி உருவாக்கினார்கள். நடனத்தை அமைப்பவருக்குத் தம்மை அவர் ஒப்பிட்டதுண்டு. ஒப்புமை பொருத்தமானதே, ஆனால் நடன அரங்கில் ஆடுபவர்களின் பெயர்களும் நிகழ்ச்சித் தாளில் அச்சிடப்படுகின்றன அல்லவா?

கையை வெறும் கருவி என்று எண்ணுவோர் இத்தாலியின் முரானோவை நோக்குவார்களாக. அங்கே சிறுவயதிலேயே ஆலையில் புகுந்த லீனோ தாலியாபியெத்ரா, பல ஆண்டுகள் பிறர் வரைந்தவற்றைக் கண்ணாடியில் ஆக்கிக்கொடுத்தார். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் பில்ச்சக் பள்ளிக்குச் சென்று, முரானோ மக்கள் நெடுங்காலம் காத்துவந்த தொழில் நுட்பங்களைக் கற்பித்தார். பின்னர் தம் பெயரிலேயே சிற்பங்கள் படைத்து உலகப் புகழ் பெற்றார். பிறருக்காக ஊதிய நாட்களிலும் அவர் கையில் கலை இருந்தது. அதற்குப் பெயர்தான் இல்லாதிருந்தது.

இரு பெயர்களும் ஒருங்கே நிற்க இயலுமா என்று ஐயுறுவோருக்குச் செக்கோஸ்லோவாக்கியா நாட்டு லிபென்ஸ்கி, பிரிக்தோவா தம்பதியர் விடை. கணவர் ஸ்டானிஸ்லாவ் ஓவியமாக வரைவார். மனைவி யாரோஸ்லாவா அதனைக் களிமண்ணில் உருவாக்குவார். அதிலிருந்து அச்சு எடுத்து, சூளையில் கண்ணாடியை உருக்கி அச்சில் நிரப்பி, வெடிக்காதிருக்கும்பொருட்டு மிக மெல்ல ஆறவிடுவார்கள். 1950களில் தொடங்கிய இக்கூட்டு உழைப்பு, 2002இல் கணவர் மறையும்வரை நடந்தது. அவர்களது சிற்பங்கள் உலகின் பெரிய காட்சிசாலைகளில் இருவர் பெயரையும் தாங்கி நிற்கின்றன. வரைந்தவர் மேல், வனைந்தவர் கீழ் என்ற பேதம் அங்கே இல்லை. அதனால் கலை குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை.

இது நமக்கும் அந்நியமான நெறியன்று. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்கும்போது, ஊரார் பிடிமண் கொடுத்தபின்னரே வேளார் மண்குதிரை செய்யத் தொடங்குகிறார். சுட்டு முடித்த குதிரைகளை ஊரே திரண்டு சுமந்து செல்கிறது. செய்த வேளாருக்கு அந்த விழாவில் மரியாதை உண்டு. செய்தவர் யார் என்பது அவ்வூரில் எல்லோரும் அறிந்த செய்தி. பொருள் சந்தைக்குப் போனபோதுதான் பெயர் கழன்று விழுந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவின்படி, ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேற்பட்டு மறுவிற்பனையாகும்போது, அதனைப் படைத்த ஆசிரியருக்கு அவ்விலையில் 10 சதவிகிதத்துக்கு மேற்படாத பங்கு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் என்ற சொல்லுக்குள், சொன்னபடி வனைந்த கைகளும் ஊதிய மூச்சும் அடங்குவதில்லை.

ஆதலால் நம் சங்கங்கள் செய்யவேண்டியது என்ன? கலைஞரும் வடிவமைப்பாளரும் இன்று குயவரை நாடி மட்டும் வருவதில்லை. நெசவாளரையும் நாடி வருகிறார்கள். அவர்களை வரவேற்போம். தனியொரு நெசவாளி, வேலை கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தில் எதையும் கேட்கமாட்டார். சங்கம் கேட்கலாம், சங்கம் இருப்பதே அதற்காகத்தான். வேலை தொடங்குமுன் எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். செய்தவர் பெயர் படைப்போடு அச்சிடப்படவேண்டும். மாதிரிக்கு நெய்ததற்கும், சூளையில் உடைந்ததற்கும் கூலி உண்டு என்று குறிக்கவேண்டும். தூசுக்கும் வெப்பத்துக்கும் காப்பு யார் பொறுப்பு என்பது தெளிவாகவேண்டும். பெருவிலைக்குப் போனால் சங்கத்துக்கு ஒரு பங்கு என்பதையும் கூச்சமின்றிக் கேட்கவேண்டும்.

பிறரிடம் கேட்குமுன் நம் வீட்டையும் ஒழுங்கு செய்துகொள்வோம். எந்தச் சேலையை எந்த அங்கத்தினர் நெய்தார் என்பது நம் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. கூலி கொடுப்பதற்காக அதனை எழுதுகிறோம். அந்தப் பெயரைச் சேலையின் சீட்டில் எழுத மட்டும் தயங்குவானேன்? 2010களில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட சீட்டைப் பட்டுச் சேலைகளோடு இணைத்து வழிகாட்டியது. அதனை ஒவ்வொரு தொடக்கச் சங்கமும் பின்பற்றலாம். பாவு தோய்ந்தவரும் தார் சுற்றியவரும்கூட அதில் இடம்பெறவேண்டும். பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்டிராய் இருப்பதால் பெயரின்றிப் போனவர்கள்.

பெயர் மட்டும் உலையில் அரிசியாகாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை. கூலியை உயர்த்தாமல் பெயரை மட்டும் அச்சிடுவது வெறும் அலங்காரம். ஆனால் பெயரில்லாதவனுக்குக் கூலி உயர்த்தும்படி எவரும் கேட்டதில்லை என்பதும் உண்மையே. எண்ணாக இருப்பவனை மாற்றிவிடலாம். பெயரோடு இருப்பவனை மாற்றுவது எளிதன்று. வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவந்து, அடுத்த பாவு தறியேறும்போதே சீட்டில் பெயரும் ஏறச் செய்யுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.